ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. பெரியவர்களுக்கு அவர் கண்ணாடிக்காரர். பள்ளிக்கூடம் போகிற வாண்டுகளுக்கு 'இதுவா அதுவா'. பட்டப்பெயர் வைப்பதில் பிள்ளைகளை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டரை இறக்குகிறவரை அவர் வாயில் அதிகம் புழங்குகிற வார்த்தைகள் அவைதான். வந்தவரைச் சுழல் நாற்காலியில் உட்கார வைப்பார். கனமான சோதனை ஃப்ரேமை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மறைத்து, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, எதிர்ச்சுவரில் ஒளிரும் எழுத்துகளைக் காட்டிக் கேட்பார்: "இது தெளிவா இருக்கா, அதுவா?"

இதைப் பரீட்சை என்று நினைத்து வியர்ப்பவர்கள் உண்டு. வெளியே காத்திருந்த நேரத்தில் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. "நீங்க பார்த்து எது சொன்னாலும் சரி" என்று பொறுப்பை அவர் தலையிலேயே கட்டுகிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் அவர் சொல்வது ஒன்றுதான். "பயப்படாதீங்க. இதுல தப்பான பதிலே கிடையாது. உங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க."

அப்படிச் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்வார். மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார். கண் பார்க்கிறவன் முகத்தில் துளி சந்தோஷம் தெரிந்தால் போதும், எதிரே இருப்பவர் எழுத்தை விட்டுவிட்டு முகத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவார் என்பது தொழிலில் அடிபட்டுக் கற்றது. கடையில் அப்படிக் கட்டிக் காத்த முகத்தை அவர் வீட்டில் கோட்டை விட்டார்.

அவர் மனைவி மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். நல்ல காலத்தில், ஜன்னல் திரை வாங்கப் போன இடத்தில் அவர் இரண்டு துணிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "இதுவா அதுவா" என்று ஆரம்பித்தால், ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "கடைசி வரி தெரியலீங்க டாக்டர்" என்பாள். கடைக்காரரே சிரித்திருக்கிறார். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஒரு கை தட்டி ஓசை வராது என்பதோடு விட்டுவிடுவோம். கோர்ட்டுப் படி ஏறினார்கள், இறங்கினார்கள், முடிந்தது.

முடிந்த பிறகு இரண்டு பேர் பேச்சிலும் ஒரு மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது. அதுவரை அவர் அவளை 'நீ' என்றுதான் சொல்வார். விவாகரத்து ஆன மறுநாளிலிருந்து அது 'நீங்க' ஆகிவிட்டது. இன்னொரு வார்த்தையும் காணாமல் போயிற்று. நம்ம வீடு, நம்ம பீரோ, நம்ம பொண்ணு என்று கிடந்ததெல்லாம் என் வீடு, உங்க பீரோ என்று பிரிந்தது. பிரிக்க முடியாத ஒன்று மிச்சம் இருந்தது. அதற்கு ஒன்பது வயது.

அவளுக்கு வாலு என்று பெயர் சும்மா வரவில்லை. கடைக்கு வந்தால் சுழல் நாற்காலியில் ஏறித் தலை கிறுகிறுக்கும்வரை சுற்றுவாள். கண்ணாடி மாட்டி வைத்திருக்கும் பொம்மைத் தலைகளையெல்லாம் சுவர் பக்கம் திருப்பி, "இவங்க எல்லாம் கோவமா இருக்காங்க" என்பாள். வந்தவர்களிடம் போய் "நீங்க அந்த வரியைத் தப்பாப் படிச்சீங்க, நான் பார்த்தேன்" என்று மானத்தை வாங்குவாள். வாய் காது வரைக்கும்.

திங்கள் முதல் வெள்ளி வரை அம்மா வீடு, வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை அப்பா வீடு என்று தீர்ப்பு. அவள் வந்த முதல் சனிக்கிழமையே அவர் வாய் பழக்க தோஷத்தில் கேட்டது. "அந்த வீட்டுக் கட்டில் நல்லா இருக்கா, இதுவா?" விளையாட்டாகத்தான் கேட்டார். அவளும் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அங்கே ஜன்னல் பக்கம் படுக்கலாம், நாய் போறது வர்றது தெரியும், அதான் நல்லா இருக்கு என்றாள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. ஒரு கட்டிலுக்குப் போய்! அடுத்த வாரம் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி கேட்டார். பிறகு தலையணையைக் கேட்டார். பின்னிய சடையைக் கேட்டார். யார் சமையல் என்று கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் முகம் ஏறியது, அல்லது இறங்கியது. குழந்தை என்ன, கண் இல்லாததா? எழுத்துப் பலகையைவிட அப்பா முகம் அவளுக்குப் படிக்கச் சுலபமாக இருந்தது.

அந்த வீட்டிலும் இதே பாடம் நடந்தது என்பதை அவர் வேறு விதமாகத் தெரிந்துகொண்டார். அவர் வாங்கிக் கொடுத்த சக்கரக் காலணியை அவள் ஒரு முறைகூட அங்கே எடுத்துப் போனதில்லை. கொண்டு போய் அங்கேயும் ஓட்டேன் என்று சொன்னதற்கு, "வேணாம்ப்பா, இங்கயே இருக்கட்டும்" என்றாள். ஏன் என்றதற்கு வேணாம் என்பது மட்டுமே பதில். அந்த வீட்டுக்காரி மேல் அவருக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தன் முகம் செய்த வேலை அப்போது நினைவுக்கு வரவில்லை. அடுத்தவர் தப்பு பூதக்கண்ணாடியில் தெரியும்.

குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசனை சொல்லும் அம்மாள் ஒருவர் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். குழந்தையை எதற்கும் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள், அவள் முன்னால் சண்டை வேண்டாம், ஒருவர் பற்றி மற்றவர் கேள்வி கேட்காதீர்கள் என்றார். இருவரும் தலையாட்டினார்கள். உண்மையாகவே கேட்டும் நடந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் 'இதுவா அதுவா' அன்றோடு நின்றது. கேட்காமலே சட்டை எடுத்தார், கேட்காமலே சோறு போட்டார்.

ஒப்படைக்கிற இடத்தையும் மாற்றினார்கள். அதுவரை கடை வாசலில்தான் அது நடந்துகொண்டிருந்தது. ஏன் லேட், ஸ்வெட்டர் எங்கே, பல் டாக்டரிடம் யார் கூட்டிப்போவது என்று ஒவ்வொரு வாரமும் தெரு கூடி வேடிக்கை பார்த்தது. அதனால் பெரிய சாலைக்கு மேலே போகும் நடைபாலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் பக்கப் படியின் உச்சியில் அவர் நிற்பார். அந்தப் பக்கப் படியின் உச்சியில் அம்மா நிற்பாள். நடுவில் குழந்தை பையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து போகும். பேச்சு இல்லை, சண்டை இல்லை. நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் மெச்சினார்கள்.

ஆனால் கேட்பதை அவர்கள் நிறுத்தியபோது, சொல்வதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். ஐஸ்கிரீம் கடையில் எது வேண்டும் என்றால் "எதுன்னாலும் சரிப்பா". எங்கே போகலாம் என்றால்? "எதுன்னாலும் சரிப்பா". பசிக்கிறதா என்றால்கூட அவர் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். அவருடைய அக்கா வார இறுதியில் வந்து சமைத்துப் போவாள். அவளுக்கு இதைப் பார்த்துப் புல்லரித்தது. "தங்கம்டா தம்பி இது. ஒரு அடம் உண்டா, பிடிவாதம் உண்டா? எவ்வளவு சமத்து!" என்று பார்க்கிற இடத்திலெல்லாம் சொன்னாள். கண்ணாடிக்காரருக்கும் உள்ளுக்குள் பெருமைதான். குழந்தையின் வாயை அடைத்துவிட்டு அதற்குச் சமத்து என்று பெயர் வைத்து மகிழ்ந்தார்கள், பாவிகள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு வியாழக்கிழமை வாலுவின் அம்மா போன் செய்தாள். பல மாதத்துக்குப் பிறகு வந்த குரல். வகுப்பு டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாராம், இவள் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதுவதில்லை, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கிறாள் என்று. "கண்ணா இருக்குமோன்னு பயமா இருக்கு. நீங்க பாருங்க. வேற யார்கிட்டயும் காட்ட எனக்கு மனசு வரல" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் அன்று முழுவதும் மனதில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்ணாடி போட்டு அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்பே அவளைக் கூட்டிப் போனார். அவள் சுழல் நாற்காலியில் சுற்றாமல் உட்கார்ந்தாள். சுவரில் முதல் இரண்டு வரி படித்தாள். மூன்றாவது வரியில் தடுமாறினாள். நான்காவது வரிக்குக் கண்ணை இடுக்கினாள். டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், தெருவில் நடக்கும்போது இப்படிக் கண்ணை இடுக்கியதும் அவர் பார்க்காததல்ல. முகத்தைக் கோணிக்கொண்டு குறும்பு செய்கிறாள் என்று நினைத்திருந்தார். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று அக்கா அடிக்கடி சொல்வாள். ஊர்க் கண்ணையெல்லாம் பார்த்தவர் வீட்டுக் கண்ணை விட்டுவிட்டார்.

சோதனை ஃப்ரேமை மாட்டினார். சின்ன முகத்துக்கு அது பெரிதாக இருந்தது. லென்ஸைச் செருகி, எடுத்து, வேறு ஒன்றைச் செருகி, மாதக்கணக்கில் வீட்டில் சொல்லாமல் விட்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"இது தெளிவா இருக்கா, அதுவா?"

அவள் சுவரைப் பார்க்கவில்லை. ஃப்ரேமுக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுதுப்பா."

சின்ன வித்தியாசம் புரியவில்லை போலும் என்று பெரிய வித்தியாசமாக வைத்தார். ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிந்தது. கடைசியில் வேண்டுமென்றே, பூதக்கண்ணாடி மாதிரி ஒரு தடித்த லென்ஸைப் போட்டார். அதை மாட்டினால் சுவர் முழுக்கப் புகை மண்டிவிடும், எழுத்து இருப்பதே தெரியாது. அதை எடுத்துவிட்டு, பவர் இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டுக் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்ப்பா."

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். பொய் சொல்லாதே என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, ஊருக்கெல்லாம் சொல்வதை அவளுக்கும் சொன்னார். "வாலு, இது பரீட்சை இல்லம்மா. இதுல தப்பான பதிலே கிடையாது."

அவள் அதை நம்பவில்லை என்பது தெரிந்தது. தப்பான பதில் உண்டு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே. கையைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"நீங்க எதைச் சொல்லச் சொல்றீங்கப்பா?"

இத்தனை வருடத் தொழிலில் அந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அது அவர் நெஞ்சில் இறங்கியது. அவர் போய் விளக்கை அணைத்தார்.

கேட்காமலே கண் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இருட்டில் கண்ணுக்குள் கீற்றாக ஒளியை அடித்து, உள்ளிருந்து திரும்புகிற வெளிச்சம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே லென்ஸை மாற்றி வந்தால் பவர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கைக்குழந்தைகளுக்கும் பேச முடியாதவர்களுக்கும் அப்படித்தான் பார்ப்பது. வாய் காது வரைக்கும் இருந்த தன் மகளுக்கு அவர் அப்படிப் பார்த்தார். தூரப் பார்வை கணிசமாகக் குறைந்திருந்தது. பக்கத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், தள்ளிப் போகப் போக எல்லாம் கலங்கிவிடும். இது நேற்று வந்ததல்ல, ஒரு வருடமாவது இருக்கும் என்று தொழில் சொன்னது.

கணித்த லென்ஸைச் சோதனை ஃப்ரேமில் போட்டு, அவளைக் கடை வாசலுக்கு அழைத்துப் போனார். அவள் வெளியே பார்த்தாள். பிறகு எதிர்ச்சாரியில் இருந்த பலகைகளை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். தையல் கடை, பல் மருத்துவமனை, வாகனங்களை நிறுத்தாதீர். "அப்பா, அந்த மரத்துல தனித்தனியா இலை இருக்கு!" என்றாள். எதிர் மாடியில் துணி உலர்த்துகிறவருக்கு மீசை இருப்பதைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். மூக்கிலிருந்து நழுவிய ஃப்ரேமை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பழைய வாலு அங்கே நின்றாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் அவர் கேட்டுவிட்டார். இவ்வளவு நாள் தெரியாமல் இருந்திருக்கிறதே, ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

சிரிப்பு நின்றது. "யார்கிட்ட மொதல்ல சொல்றதுன்னு தெரியலப்பா" என்றாள்.

அவளுக்கு இருந்த கணக்கு அவருக்குப் புரிந்தது. அம்மாவோடுதான் ஐந்து நாள் இருக்கிறாள், அங்கே சொல்லாமல் இங்கே சொன்னால் அம்மா முகம் விழும். கண் அப்பாவின் தொழில், இங்கே சொல்லாமல் அங்கே சொன்னால் அப்பா முகம் விழும். ஆகவே இருவரையும் காப்பாற்றிக்கொண்டு ஒரு வருடம் குருடி மாதிரி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். சமத்து!

அன்று அவர் வேறு யாருக்கும் கண் பார்க்கவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்தார். ஃப்ரேமை அவளே எடுக்கட்டும் என்று தட்டு முழுக்கப் பரப்பினார். எதுன்னாலும் சரி என்றாள். அவர் ஒரு சிவப்பு ஃப்ரேமைத் தொட்டபோது அவள் கண் அதில் ஒரு நொடி கூடுதலாக நின்ற மாதிரி இருந்தது. சரியாகத்தான் பார்த்தாரோ, ஆசையில் தோன்றியதோ, அதையே போட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அதைக் கழற்றவில்லை. அக்கா வந்து, டீச்சரம்மா மாதிரி இருக்கே என்று கிண்டல் செய்தாள். அதற்குக்கூட அவள் சிரித்தாள். எல்லாம் சரியாகிவிடும் என்று கண்ணாடிக்காரர் மதியச் சாப்பாட்டின்போது நம்பினார். அதை மறைக்க வேண்டியதில்லை.

மாலையில் நடைபாலத்துப் படி ஏறினார்கள். வாலு கண்ணாடியோடு முன்னால் குதித்து ஏறி, கீழே போகும் லாரிகளின் பின்னால் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினாள். உச்சிக்கு வந்ததும் எதிர்முனையில் அம்மா நிற்பது தெரிந்தது. அவள் வந்த பஸ் திரும்பிப் போகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவர் பையை மகளின் தோளில் மாட்டினார்.

வாலு கண்ணாடியைக் கழற்றினாள். துணியால் துடைத்து, கூட்டில் போட்டு, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"போட்டுக்கம்மா, இன்னும் பழகணும். கண்ணுக்கு நல்லது" என்றார் அவர்.

"அங்க போய்ப் போட்டுக்கறேன்ப்பா. பாலத்துல வேணாம்."

"ஏன்டா?"

அவள் தரையைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு, சமாதானம் சொல்கிற குரலில் சொன்னாள். "கண்ணாடி இல்லாட்டி, தூரத்துலேர்ந்து பார்த்தா நீங்க ரெண்டு பேருமே சிரிக்கிற மாதிரி இருக்கும்ப்பா."

சொல்லிவிட்டு நடந்தாள். ஒரு கையால் கம்பியைத் தடவிக்கொண்டே போனாள். பாதிப் பாலத்தில் வழக்கம்போல் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். அவர் அவசர அவசரமாக முகத்தைச் சிரிப்பாக்கிக்கொண்டார். அது அவளுக்குத் தெரியாது என்று நினைவு வந்தபோதும் அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வாரங்களாக இந்த இடத்தில் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் அதைப் பார்க்க மாட்டேன் என்று போகிறாள்.

அவள் எதிர்முனையைச் சேர்ந்தாள். அம்மா குனிந்து அவள் முகத்தைப் பார்த்ததும், நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்ததும், கைப்பையிலிருந்து போனை எடுத்ததும் இவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் கண்ணாடி அவ்வளவு கச்சிதம்.

"கண்ணாடி இன்னும் ஆகலையா? இன்னிக்குத் தர்றேன்னு சொன்னீங்களே."

"ஆயிடுச்சு. காலையிலேர்ந்து போட்டுட்டுதான் இருந்தா. பையில இருக்கு."

"அப்ப ஏன் போட்டுக்கல? பிடிக்கலையா அவளுக்கு?"

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மூக்கு வலிக்கிறது என்றிருந்தால் போதும். அதற்கு அவருக்கு வாய் வரவில்லை.

"பாலத்துல மட்டும் கழட்டிட்டா" என்றார். "நம்ம மூஞ்சி தெரியக் கூடாதுன்னு."

வார்த்தை வெளியே போன பிறகுதான் அதில் இருந்த 'நம்ம' அவர் காதில் விழுந்தது. கோர்ட்டுக்குப் பிறகு குழந்தையைத் தவிர அவர்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது இந்த மூஞ்சி ஒன்றுதான் போலிருக்கிறது. எதிர்முனையில் அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்ற குழந்தை அண்ணாந்து அம்மாவைப் பார்த்தது. அவ்வளவு பக்கத்தில் பார்க்க அவளுக்குக் கண்ணாடி தேவையில்லை.

போனில் அந்தச் சின்னக் குரல் கேட்டது. "என்னம்மா? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

அம்மா பதில் சொல்லவில்லை. "இல்லடா வாலு, இல்லடா" என்று இந்தப் பக்கத்திலிருந்து அவர்தான் சொன்னார். போன் அம்மாவின் காதில் இருந்தது, குழந்தைக்கு அது கேட்டிருக்காது.